மஞ்சள் குங்குமம் வைத்த டின்

கரிக்கலாம்பாக்கத்துக்கு மேற்கே இருக்கும் மாதாகோவில் தெருவுக்குப் பஸ் கிடையாது. ரோட்டில் இறங்கி, அரங்கநாதன் பண்ணைக் கரும்புக்கு நடுவே வாய்க்கால் வரப்பைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து உயிரோடு மீட்ட புருசனைத் தோளில் சாய்த்தபடி, சித்திரை வெயிலில் அந்த வரப்பில் வந்த அல்போன்சாவுக்கு எல்லாவற்றின் மேலும் கோபம் வந்தது. இறங்கி முடிப்பதற்குள் விசிலடித்த கண்டக்டர் மேல் கோபம். முட்டளவு வளர்ந்து ஒன்றுமே நடக்காதது மாதிரிப் பச்சையாக நின்ற கரும்பின் மேல் கோபம். "மெதுவா போயேன் புள்ள" என்று சொன்ன சவரிநாதன் மேலும் கோபம். பாவம், அவன் கால் இன்னும் தரையில் நிலைக்கவில்லை.

"இன்னாத்துக்கு மெதுவா? வூட்டுக்குப் போனதும் மொத வேல, அந்த டின்ன எடுத்துக் கடப்பாறையால குத்தணும். டாக்டரம்மா சொன்னது காதுல வுழுந்துச்சா இல்லியா?"

"வுழுந்துச்சி."

"இன்னா சொன்னாங்க, சொல்லு."

"கழுவுனா போவாதுன்னாங்க."

"அப்புறம்?"

"ஓட்ட போட்டு, கெணறு கொளம் இல்லாத மேட்டுல ஆழமாப் பொதைக்கணும். பழைய இரும்புக்காரன்கிட்ட போடக் கூடாது. ஓடையில வுடக் கூடாது. கொளுத்தக் கூடாது."

ஞாயிற்றுக்கிழமை ஜெபம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டு நின்று மூச்சு வாங்கினான். கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அந்தக் கை கரும்புக் கட்டைத் தூக்கி லாரியில் எறிகிற கை. இப்போது துண்டை உதறித் தோளில் போடக்கூட அதற்குத் தெரியவில்லை.

சவரிநாதன் அரங்கநாதன் பண்ணையில் மருந்து அடிக்கிறவன். மேஸ்திரி கரைத்து முதுகு டப்பாவில் ஊற்றித் தருவதை அடிப்பான்; மருந்து டின்னை அவன் கையில் எடுத்ததில்லை. மூக்கில் ஒரு துணி, அவ்வளவுதான் அவனுக்குக் காப்பு. அப்படி வருசக்கணக்கில் அடித்தபோதெல்லாம் அவனை ஒன்றும் செய்யாத மருந்து, கடைசியில் கூழில் வந்து கொல்லப் பார்த்தது. பண்ணையில் பொங்கலுக்கு ஆட்களுக்கு வேட்டி கொடுத்த வழக்கமெல்லாம் அரங்கநாதனின் அப்பா காலத்தோடு போயிற்று. மருந்து வந்த பிறகு, காலி மருந்து டின்தான் பொங்கல் வரிசை. பளபளவென்று, இறுக்கமான திருகு மூடியோடு, பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கொடுப்பார்கள். தெருவில் அதற்கு அடிபிடி. மண்ணெண்ணெய் சிந்தாது, நொய்யில் எறும்பு ஏறாது, கூழ் கொண்டுபோனால் வரப்பில் தளும்பாது. பின்னே விடுவார்களா?

தனக்குக் கிடைத்ததைச் சவரிநாதன் சும்மாவும் எடுத்துக்கொள்ளவில்லை. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தான், வெந்நீர் ஊற்றிக் குலுக்கினான், வெயிலில் கவிழ்த்தான், மூக்கை வைத்து மோந்து பார்த்தான். வாடை போயிருந்தது. வாடை போனால் மருந்து போயிற்று என்றுதான் தெருவில் எல்லாருக்கும் எண்ணம். பரணில் கிடந்த அதை, கூழ்க் கலயம் உடைந்த அன்று கீழே இறக்கினான். கேழ்வரகுக் கூழைக் கரைத்து ஊற்றி இராத்திரியே மூடி வைத்தாகிவிட்டது. மறுநாள் கரும்புக் கொல்லையில் அதைக் குடித்தவன், வேர்த்து விறுவிறுத்து, வாயில் நுரை தள்ளி விழுந்தான். மாட்டு வண்டியில் ரோட்டுக்கும், ரோட்டிலிருந்து பாண்டிச்சேரிக்கும் அவனை மடியில் போட்டுக்கொண்டு போனவள் அல்போன்சா. பண்ணையிலிருந்து ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை.

தெருமுனையில் திரும்பியதும் நின்றுவிட்டாள். அவள் வீட்டு வாசலில் கூட்டம். பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஜெபமாலை சொல்லும் குரல் கேட்டது. ஆளுக்கொரு தம்ளர் வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு எலிசா, காய்ச்சலில் துவண்டு கிடந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் கையிலும் குழந்தைக்குப் புகட்டுகிற ஒரு பாலாடை.

"வந்துட்டான்! எம் புள்ள வந்துட்டான்!" என்று ஓடி வந்தாள் அன்னாமேரி. சவரிநாதனின் அக்கா. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அதற்காகவே தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, பிறகு தள்ளிப்போட எதுவும் இல்லாமல் போனவள். அல்போன்சா ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டவள் அவள்தான். தம்பியின் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். அவள் பாதம் முழுக்கக் கொப்புளம்.

"கால்ல இன்னா அண்ணி?" என்றாள் அல்போன்சா.

"வில்லியனூருக்கு நடந்தே போய் வந்தேன். செருப்பு போடாம. மாதாவுக்குத் திருவிழாக் கொடி ஏறியிருக்குது இல்ல? வேண்டுதல். உள்ள வந்து பாரு."

உள்ளே மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி எரிந்தது. பலகை மேல் வெள்ளைத் துணி விரித்து, அதன் மேல் மல்லிகைச் சரம் சுற்றி, அந்த டின் இருந்தது. அதே டின்தான். சவரிநாதன் கம்பியால் போட்ட கைப்பிடி அப்படியே இருந்தது.



"எந்தக் கலத்துல எம் புள்ளைக்கு ஆபத்து வந்துச்சோ, அந்தக் கலத்துலயே மாதா கொளத்துத் தண்ணி மொண்டாந்து, மொத மொடக்கு அவனுக்கும், மீதி தெருவுக்கும் குடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்" என்றாள் அன்னாமேரி. கண் நிறைந்திருந்தது. "கொளத்துல எறக்கலடி. கர மேல வெச்சி, சொம்பால மொண்டு ஊத்திக் கழுவிட்டுத்தான் புடிச்சேன். மாதா கொளத்துல அழுக்க எறக்கலாமா? அவன் வர வரைக்கும் ஒருத்தருக்கும் ஒரு சொட்டு குடுக்கல. எல்லாரும் காத்துனு இருக்காங்க."

"ஒரு சொட்டும் குடுக்கல இல்ல?"

"சத்தியமா இல்ல."

"சரி. குடுக்க வாணாம்."

"இன்னா சொல்ற?"

"அந்த டின்னுல இருக்கறத யாரும் குடிக்கக் கூடாது அண்ணி. கழுவுனாலும் போவாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. மருந்து அந்தத் தகரத்த மடிச்சி ஒட்டுன இடுக்குல ஊறிக் கெடக்குமாம்."

ஜெபமாலை நின்றுபோயிற்று. அன்னாமேரியின் முகம் கறுத்தது. "மாதா தண்ணிய வெசம்னு சொல்றியா நீ?"

"தண்ணியச் சொல்லல."

"பின்ன? மாதா கொளத்துத் தண்ணி உள்ள போன பொறவும் அதுல வெசம் நிக்குமா? அப்ப மாதாவுக்குச் சத்தி இல்லன்னு சொல்லு! கால் வெந்து நடந்து போனேன்டி. உம் புருசனுக்காவத்தான் போனேன்."

தெரு உபதேசியார் இன்னாசிமுத்து மூலையிலிருந்து எழுந்து வந்தார். சாமியார் வராத நாட்களில் ஜெபம் சொல்கிறவர், சண்டை தீர்க்கிறவர் எல்லாம் அவர்தான். "அல்போன்சா, நேந்துகிட்டது நேந்துகிட்டதுதான். விசுவாசத்தோட ஒரு சொட்டு நாக்குல வெச்சா போதும். கொறைச்சலாப் பேசாத" என்றார்.

இவ்வளவு பேச்சுக்கும் நடுவில் சவரிநாதன் அக்காவின் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்னாமேரி மூடியைத் திருகி, தம்ளரில் ஊற்றி நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டான். நடுக்கத்தில் தண்ணீர் விளிம்பில் தளும்பியது. வரப்பில் அத்தனையும் ஒப்பித்த அதே மனுசன், அக்கா மனசு நோகக் கூடாது என்று தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான்.

அல்போன்சா அடித்தாள். தம்ளர் சுவரில் மோதி விழுந்தது. தண்ணீர் மாதா படத்தின் கண்ணாடியில் தெறித்து வழிந்தது.

"ஐயோ சேசுவே!" என்று அலறினாள் அன்னாமேரி. வாசலில் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள்.

"பாவம்! பாவம்! மாதா தண்ணியத் தட்டி வுட்டுட்டாளே" என்றார் உபதேசியார்.

"தண்ணி மாதாவுது. டின்னு அரங்கநாதனுது" என்றாள் அல்போன்சா. "வாயில நுரையோட இவன மடியில போட்டுனு போனது நானு. கண்ணு பாப்பா கடுகாட்டம் சுருங்கிப் போயி, எம் மூஞ்சே தெரியலன்னான். ஊசி மேல ஊசி போட்டு இழுத்துப் புடிச்சாங்க. நீங்க எல்லாரும் ஆளுக்கொரு தம்ளரு எடுத்துனு வந்து குந்தினு இருக்கீங்க. எலிசா, அந்தக் கைக்கொழந்தைக்கா ஊத்தப் போற? ஊத்து, ஊத்திட்டு நாளைக்குக் குழி வெட்ட ஆள் கூப்புடு!"

எலிசா பாலாடையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டின் பலகை மேல் முக்கால்வாசி நிறைந்து நின்றது. அல்போன்சா அதைத் தூக்கினாள். இதை எங்கே கொட்டுவது?

"மிதிபடற எடத்துல ஊத்தக் கூடாது" என்றார் உபதேசியார், குரலைத் தாழ்த்தி. "கோவில் மதில் ஓரமா செடிக்கு ஊத்துறதுதான் மொற."

"மதிலுக்கு அந்தாண்ட கோவில் கெணறு."

"உங்க கொல்லையில?"

"அங்க எலிசா வூட்டுக் கெணறு. தெருவே பள்ளம். எங்க ஊத்தினாலும் யாரோ ஒருத்தர் கெணத்துக்குத்தான் போவும்." சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் போகவேண்டிய திசை பிடிபட்டது. "மேடு யார்கிட்ட இருக்குது? பண்ணையில. டின்னு யார் குடுத்தது? பண்ணையில."

மல்லிகைச் சரத்தைக் கழற்றி மாதா படத்துக்குப் போட்டாள். டின்னை இறுக்க மூடி, இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டினாள். "எங்கடி எடுத்துனு போற? எம் மாதா தண்ணிய எங்கடி எடுத்துனு போற?" என்று கொப்புளக் காலோடு பின்னாலேயே ஓடி வந்தாள் அன்னாமேரி. தெருவும் பின்னால் வந்தது. நடக்க மாட்டாத சவரிநாதன் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். உபதேசியாரும் வந்தார், கொஞ்சம் இடைவெளி விட்டு.

அரங்கநாதன் வெயில் தாழ்ந்த நேரத்தில் வீட்டு முன்னால் நாற்காலி போட்டு, மடியில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெட்ட மனுசர் என்று சொல்லிவிட முடியாது. கடுஞ்சொல் சொல்லமாட்டார். அதுதான் தொல்லை. கடுஞ்சொல் சொல்கிறவனாவது தான் செய்வது இன்னதென்று அறிந்து செய்கிறான்.

"வா அல்போன்சா. சவரி எப்படி இருக்கான்? ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்பணும்னுதான் நெனச்சேன்."

"உயிர் இருக்குதுங்க ஐயா. டின்னு கொண்டாந்தேன். உங்களுது."

"குடுத்தத எதுக்குத் திருப்பித் தர?" என்று சிரித்தார். "மருந்து டின்னுல கூழு ஊத்தச் சொன்னது யாரு? ஏதோ மண்ணெண்ண கிண்ணெண்ண வெச்சிக்கட்டும்னு குடுத்தா... வெஷம்னு அதுலயே போட்டிருக்கானே."

"எங்க போட்டிருக்குது? காட்டுங்க."

அவள் டின்னை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் ஒரு பக்கம் பார்த்தார், மறு பக்கம் பார்த்தார். வெறும் தகரம்.

"எழுத்து எங்க ஐயா? எங்களுக்குப் படிக்கத் தெரியாது, போவட்டும். படிக்காதவங்களுக்குன்னு ஒரு மண்ட ஓட்டுப் படம் போட்டிருப்பாங்களாம். டாக்டரம்மா கேட்டாங்க, படம் பாத்தும் ஏன் ஊத்துனேன்னு. நான் முழிச்சேன். அந்தப் படம் எங்க போச்சி?"

அவர் மனைவி ஜெயா கதவண்டை வந்து நின்றிருந்தாள். "நாந்தான் தேய்க்கச் சொன்னேன்" என்றாள், சின்ன விஷயம் சொல்கிற மாதிரி. "பொங்கலும் அதுவுமா மண்ட ஓட்டை எப்படிக் கையில குடுக்கறது? வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஆவுமா? மேஸ்திரி தங்கவேலுகிட்டச் சொல்லித் தேங்கா நாரு போட்டுச் சொரண்டி, மஞ்சள் குங்குமம் வெச்சிக் குடுத்தேன்."

அல்போன்சா அவளையே பார்த்தாள். அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தாள்.

"வெசம்னு சொல்ற படத்தச் சொரண்டிட்டு, குங்குமத்த வெச்சீங்களாம்மா?" என்றாள் அல்போன்சா. "உங்களுக்குச் சகுனம் கெடக் கூடாது. எங்க குடி கெட்டா பரவால்ல."

"யேய், வார்த்தைய அளந்து பேசு" என்றார் அரங்கநாதன். "இப்ப இன்னா வேணும் உனக்கு?"

"பொதைக்க எடம்."

"ஓடையில வுட்டுட்டுப் போயேன்."

"ஓடையில எங்க மாடு தண்ணி குடிக்குது, எங்க புள்ளைங்க மீன் புடிக்குது. உங்க களத்து மேடு குடுங்க."

"களத்து மேடா? மோட்டார் கெணறு பக்கத்துலயே இருக்குது. ஒரு மழ பெஞ்சா ஊறிக் கெணத்துல எறங்கிடும். வூட்டுக்குக் குடிதண்ணி அதுலேர்ந்துதான்..."

பாதியில் நிறுத்திவிட்டார்.

"ஓ" என்றாள் அல்போன்சா. "மண்ணுல பொதைச்சாக்கூட ஊறிக் கெணத்துக்கு வரும்னு உங்களுக்குத் தெரியுது. அப்ப எங்க கூழுக்கு வரும்னு தெரியாமப் போச்சா?"

மூடியைத் திருகினாள். பின்னால் நின்ற யாரோ ஒருத்தியின் கையிலிருந்த தம்ளரை வாங்கி, நிறைய ஊற்றினாள்.

"மாதா கொளத்துத் தண்ணி ஐயா. நல்ல தண்ணி. டின்ன சாம்பல் போட்டுத் தேய்ச்சிருக்குது, கொளத்தங்கரையில கழுவியிருக்குது, வாடகூட இல்ல. மிதிபடற எடத்துல ஊத்தக் கூடாதாம். உங்க மேட்டுலயும் ஊத்தக் கூடாது. ஒரு மொடக்கு நீங்க குடிங்க. நீங்க குடிச்சீங்கன்னா மீதிய நான் குடிக்கறேன்."

நீட்டிய தம்ளரைப் பார்த்து அரங்கநாதன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். ஜெயா படியிறங்கி வந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள். "தொடாதீங்க! கையில பட்டுடப் போவுது!" என்றாள்.

அன்னாமேரி அதைப் பார்த்தாள். அதுவரை மாதா தண்ணீருக்காக அழுதுகொண்டே வந்தவள், முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி அந்த இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு தன் கொப்புளக் காலைக் குனிந்து பார்த்தாள். அத்தனை தூரம் நடந்தபோது இடுப்பில் அந்த டின்தான் இருந்தது, ஈரம் சொட்டிக்கொண்டு.

"கையில படக் கூடாதா?" என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "எந் தம்பி வாயில படலாமா? அம்மா, உங்களத்தான் கேக்கறேன். எந் தம்பி கொடல்ல படலாமா?"

ஜெயா படியேறிக் கதவண்டை போய் நின்றாள்.

"எடம் காட்டச் சொல்லுங்க" என்றாள் அன்னாமேரி. "காட்டலன்னா இந்தத் தண்ணிய இங்க, உங்க வாசல்லயே ஊத்திட்டுப் போறேன். மாதா என்ன மன்னிக்கட்டும், மன்னிக்காம போவட்டும்."

அரங்கநாதன் எழுந்து, யாரையும் பார்க்காமல், "தங்கவேலு, அந்தப் பழைய சூள மேட்டக் காட்டு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். டிரான்சிஸ்டரை நாற்காலியிலேயே விட்டுவிட்டார்.

சூளை மேடு பண்ணைக்கு வடகோடியில் இருந்தது. செங்கல் அறுத்து விட்டுவிட்ட இடம். கிட்டத்தில் கிணறும் இல்லை, குட்டையும் இல்லை. பண்ணையின் மேஸ்திரி தங்கவேல்தான் முதலில் கடப்பாறை போட்டான். அந்த மண்டை ஓட்டைச் சுரண்டிய கை அவனுடையது அல்லவா? சுட்ட மண் கடப்பாறையைத் திருப்பித் திருப்பி அடித்தது. தெரு ஆண்கள் மாற்றி மாற்றி வெட்டினார்கள். இடுப்பளவு ஆழம் வந்ததும் அல்போன்சா, "இன்னும்" என்றாள். மார்பளவு வந்த பிறகுதான் போதும் என்றாள்.

அன்னாமேரி குழியோரம் மண்டியிட்டுச் சிலுவை போட்டாள். "மாதாவே, உந் தண்ணிய நான் மண்ணுல ஊத்தறேன். எம் மேல கோவம் வெக்காத. வெக்க வேண்டியவங்க மேல வெய்யி" என்று சொல்லி, டின்னைக் கவிழ்த்தாள். தண்ணீரை மண் உடனே குடித்துவிட்டது. டின்னைக் கல்லின் மேல் வைத்துக் கடப்பாறையால் குத்தினாள். தகரம் கிழிந்த சத்தத்தில் எலிசாவின் குழந்தை வீரிட்டது.

அந்தச் சத்தம்தானோ என்னவோ, எலிசா குழந்தையை அல்போன்சாவிடம் கொடுத்துவிட்டுத் தெருவை நோக்கி ஓடினாள். நொய் வைத்திருந்த டின்னோடு திரும்பி வந்தாள், நொய்யோடுதான். அதைப் பார்த்து மற்றவர்களும் போனார்கள். மண்ணெண்ணெய் டின், உப்பு டின், கூழ் டின், மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கரைக்கிற டின். சிலதில் பொங்கலன்று வைத்த மஞ்சள் இன்னும் லேசாக ஒட்டியிருந்தது. கடைசியாக உபதேசியார் வந்தார். கோவில் விளக்கெண்ணெய் டின்னை வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் மற்றவற்றோடு வைத்தார்.

ஒவ்வொன்றாக வாங்கி அன்னாமேரி குத்தினாள். கேட்டாலும் யாருக்கும் கடப்பாறையைக் கொடுக்கவில்லை. எல்லாம் முடிந்து தங்கவேல் மண்ணைத் தள்ளக் குனிந்தபோது நிறுத்தினாள்.

"இரு. பெரிய வூட்டு டின்னுங்க எங்க? அதையும் எடுத்துனு வா, ஒண்ணாவே போட்டு மூடலாம்."

தங்கவேல் நிமிர்ந்தான். சொல்லலாமா வேண்டாமா என்று அல்போன்சாவை ஒரு தரம் பார்த்தான்.

"அங்க ஏது, அக்கா? காலியான அன்னிக்கே வெளிய கொட்டாயில தூக்கிப் போடுடான்னு சொல்லிடுவாங்க அந்தம்மா. தவிடு வெக்கக்கூட ஒண்ணு வெச்சிக்க மாட்டாங்க."

"எப்பலேர்ந்து?"

"மருந்து வந்த நாள்லேர்ந்தே."

அன்னாமேரி அழவில்லை. குழியில் இறங்கினாள். ஏற்கெனவே ஓட்டை போட்ட டின்களைத் திரும்பவும் குத்தத் தொடங்கினாள். வெயில் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தது. "போதுங்க அண்ணி" என்று சொல்ல அல்போன்சா வாயெடுத்தாள். சொல்லாமல், எலிசாவின் குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.